புழு அகப்படாமல் மோஷன் டெஸ்ட் எடுப்பது எப்படி?

வலங்கைமான் வட்டாரத்து மனிதர், மாடு, ஆடு அனைவருக்குமான கையேடு

வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்று வெள்ளைக்காரனே கொண்டாடிய சீனிவாச சாஸ்திரியார் 1869-ல் பிறந்த ஊர் வலங்கைமான். அப்பேர்ப்பட்ட ஊர்க்காரர்களுக்கும் லேப் கவுண்டர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "ரத்தம்" என்று உரக்கச் சொல்வோம். "யூரின்" என்று சுமாராகச் சொல்வோம். மூன்றாவதற்கு மட்டும் குரல் இறங்கி, "மோஷன்" என்று முணுமுணுத்து, பொட்டலத்தை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, சுவரில் தொங்கும் காலண்டரில் அஷ்டமி நவமி பார்க்க ஆரம்பித்துவிடுவோம். இந்தக் கூச்சம் வீண்போகவில்லை. குடற்புழுக்கள் தலைமுறை தலைமுறையாக நம் வயிற்றில் பத்திரமாகக் குடியிருக்க அதுதான் முதல் காப்பு.

ஆனால் கூச்சம் மட்டும் போதாது. மைக்ராஸ்கோப் என்று ஒன்று வந்து தொலைத்திருக்கிறது. டச்சு ஜவுளி வியாபாரி லேவன்ஹூக் 1681-ல் தமக்கு வயிற்றுப்போக்கு கண்டபோது அதையே லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்தார். ஓடியாடும் சிற்றுயிர்களைக் கண்டு, வெட்கமே இல்லாமல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதமும் எழுதினார். ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி பிடிபட்ட கதை அது. 1920-களில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளைக்காரர்கள் சென்னை மாகாணத்துக்கு வந்து கொக்கிப்புழுவைத் துருவினார்கள். நம் காலத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் டீவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வுக்காகத் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும் வீடு வீடாக டப்பா கொடுத்து வாங்கினார்கள். எதிரி இப்படிக் கச்சை கட்டி நிற்கும்போது நாமும் முறையாகத் தயாராக வேண்டாமா? இதோ விதிகள்.

விதி 1: லேப் பக்கமே போகாதீர்கள்

இதைவிடச் சிறந்த வழி கிடையாது. மருந்துக்கடையில் நின்று, "அண்ணே, பூச்சி மாத்திரை ஒண்ணு குடுங்க" என்றால் முடிந்தது. யாருக்கு, என்ன பூச்சி, எத்தனை நாளாக என்று எந்த அண்ணனும் கேட்கமாட்டார்.

யாராவது தடுத்தால் அரசாங்கத்தைச் சாட்சிக்கு இழுங்கள். குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10-லும் ஆகஸ்ட் 10-லும், பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் டெஸ்ட் எடுக்காமல்தானே அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள்? ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் சோதிக்கிற செலவு மாத்திரைச் செலவைவிடப் பல மடங்கு என்பதால் அந்த ஏற்பாடு. அதில் நியாயம் உண்டு. நீங்கள் செய்ய வேண்டியது, அந்த நியாயத்தைக் கொண்டுவந்து நடவுக்குப் போய் நகம் வெளுத்து, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும் உங்கள் வீட்டு அம்மாளுக்கும் பொருத்திவிடுவது. ஒற்றை மாத்திரை நாக்குப்பூச்சியை நன்றாகவே தீர்க்கும், கொக்கிப்புழுவைப் பெருமளவு தீர்க்கும், சாட்டைப்புழுவிடம் தடுமாறும், அமீபாவைத் தொடவே தொடாது. எந்தப் பூச்சி என்றே தெரியாதவர்களுக்கு இந்த வித்தியாசமெல்லாம் எதற்கு?

விதி 2: முன்தயாரிப்பு

டாக்டர் விடாப்பிடியாக எழுதிக் கொடுத்துவிட்டார், தப்பிக்க வழியில்லை என்றால் முதல் நாள் ராத்திரியே வேலையைத் தொடங்குங்கள். பாட்டி காலத்து விளக்கெண்ணெய் ஒரு கரண்டி. எண்ணெய்த் துளிகள் ஸ்லைடு முழுக்க மிதக்கும்போது அமீபாவின் சிஸ்ட் என்ற கூடு எது, துளி எது என்று எந்தக் கண்ணுக்கும் பிடிபடாது. நெஞ்செரிச்சலுக்கு வைத்திருக்கும் வெள்ளை டானிக் இரண்டு மூடி விட்டால் அதன் படிகங்களும் சேர்ந்துகொள்ளும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் இரண்டு நாள் போட்டால், அமீபா சாகாமல் ஆனால் கண்ணில் படாத அளவுக்குக் குறைந்துவிடும். இவற்றையெல்லாம் நிறுத்தி ஒன்றிரண்டு வாரம் கழித்து சாம்பிள் எடு என்று புத்தகங்கள் சொல்லும். புத்தகத்துக்கு என்ன, அதற்கு வயிறா இருக்கிறது?

விதி 3: டப்பா

லேப்பில் கொடுக்கும் அகலவாய் பிளாஸ்டிக் டப்பாவை ஊசி நூல் போட்டுவைக்க எடுத்துக்கொள்ளுங்கள். சாம்பிளுக்கு அந்தக் காலத்தில் தீப்பெட்டி. அது நல்ல மரபு: ஈரத்தை உறிஞ்சி, காய்ந்த சருகாக ஒப்படைக்கும். இப்போது ஹோட்டல் சட்னிப் பை.

எங்கிருந்து எடுப்பது என்பதும் முக்கியம். கக்கூஸ் கோப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்தால் தண்ணீரில் வாழும் சிற்றுயிர்கள் இலவச இணைப்பு. சிறுநீர் கலந்தால், நகர்ந்துகொண்டிருக்கும் அமீபா அங்கேயே ஒழியும். படுகைப் பக்கம் ஒதுங்கி மண்ணோடு வழித்து எடுத்தாலோ, மண்புழுதியில் சும்மா திரியும் நுண்புழுக்களையும் உங்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். சளியும் ரத்தமும் உள்ள பகுதியை மட்டும் ஜாக்கிரதையாக ஒதுக்கிவிடுங்கள். அமீபா அங்கேதான் இருக்கும்.

விதி 4: பயணம்

தண்ணீராகப் போனால் அரை மணி நேரத்துக்குள் பார்க்க வேண்டும் என்பது லேப் சாஸ்திரம். அதற்குமேல் ஆனால் அமீபா நகர்வதை நிறுத்தி உருக்குலைந்துவிடும். ஆகவே கும்பகோணம் லேப்பைத் தேர்ந்தெடுங்கள். பஸ் ஏறி, பெரிய கடைத்தெருவில் ஜாக்கெட் துணி பார்த்து, டிகிரி காபி குடித்து, வெற்றிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு போய்ச் சேருங்கள்.

"அக்கா, எத்தனை மணிக்கு எடுத்தீங்க?"

"விடியக்காலம்மா. அஞ்சு மணி இருக்கும்."

"இப்ப பன்னெண்டேகால்."

"பஸ்ஸு லேட்டும்மா."

கெட்டியான சாம்பிளானால் கோடை வெயிலில் ஒரு முழுநாள் வைத்திருங்கள். இதில் ஒரு விசேஷ லாபம் உண்டு. கொக்கிப்புழுவின் முட்டை சூட்டில் பொரிந்து உள்ளிருந்து இளம்புழு வெளியே வந்துவிடும். முட்டையைத் தேடும் டெக்னீசியனுக்கு நெளியும் இளம்புழு கிடைக்கும். புதிதாகப் போன மலத்தில் இளம்புழு இருந்தால் அது ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்ற வேறு ஜாதி. இரண்டையும் பிரித்தறிய இளம்புழுவின் வாய்க்குழல் நீளத்தை அளந்து பார்க்க வேண்டும்: கொக்கிப்புழுவுக்கு நீளம், மற்றதற்குக் குட்டை. அளந்து பார்க்க அவருக்கு நேரமில்லை என்று நம்புங்கள். அந்த இன்னொரு ஜாதிக்கு மருந்து வேறு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் உடம்பில் அது கட்டுக்கடங்காமல் பெருகி ஆளையே கொண்டுபோய்விடும். இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு காபி தாமதத்தில் குழப்பிவிட முடிவது சாதனையல்லவா?

விதி 5: ஒருமுறைக்கு மேல் கொடுக்காதீர்கள்

ஜியார்டியா தினமும் வெளியே தலைகாட்டாது. ஒரு நாள் ஸ்லைடு நிறைய; மறு வாரம் மருந்துக்குக்கூட இருக்காது. அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாளாக மூன்று சாம்பிள் கேட்பார்கள். "மூணு தடவையா? எங்களை என்ன, வேலை வெட்டி இல்லாதவங்கன்னு நெனச்சியா தம்பி?" என்று ஒரே போடாகப் போடுங்கள். ஒன்றோடு விட்டுவிடுவார்கள்.

விதி 6: கீரிப்பூச்சியை மலத்தில் தேடச் சொல்லுங்கள்

குழந்தை ராத்திரியெல்லாம் ஆசனவாயைச் சொறிகிறதா? மோஷன் டெஸ்ட் எடுங்கள். பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. கீரிப்பூச்சி மலத்தில் முட்டை போடுவதில்லை. ராத்திரி பிள்ளை அசந்து தூங்கும்போது பெண்புழு வெளியே வந்து, ஆசனவாயைச் சுற்றித் தோலில் முட்டையிடுகிறது. விடிந்ததும், பிள்ளை கக்கூஸ் போகுமுன், கழுவுமுன், சாதாரண செலோடேப்பை அங்கே ஒட்டி எடுத்து ஸ்லைடில் பதித்தால் ஆங்கில டி எழுத்து வடிவத்தில் முட்டைகள் வரிசையாகத் தெரியும். 1941-லிருந்து இருக்கிற வித்தை. எனவே விடியற்காலையில் பிள்ளையைத் தேய்த்துக் குளிப்பாட்டிய பிறகே எதையும் தொடங்குங்கள். சுத்தமான குடும்பம் என்ற பெயரும் கிடைக்கும்.

விதி 7: கொட்டிலிலும் இதே ஒழுங்கு

மனிதர்களுக்கு மட்டும் சலுகை காட்டினால் மாடு கோபித்துக்கொள்ளும். மாட்டுச் சாணத்தைக் கையுறை போட்டு ஆசனவாய்க்குள்ளிருந்தே எடுக்க வேண்டும் என்பார்கள். நீங்கள் எருக்குழி மேட்டில் முந்தாநாள் கிடந்ததை வாழை இலையில் மடித்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

கன்று மெலிந்து, வயிறு உப்பி, களிமண் நிறத்தில் கழிகிறதா? தாய்ப்பசுவின் சாணத்தைக் கொடுங்கள். ஒன்றும் இருக்காது. கன்றுகளின் உருண்டைப்புழு, தாயின் உடம்பில் இளம்புழுவாகப் பதுங்கியிருந்து, பாலோடு கன்றுக்குப் போய் அங்கேதான் வளர்ந்து முட்டை போடும். கன்று நாலைந்து மாதத்தைத் தாண்டினால் தானாகவே கழிந்துவிடும். தாய்க்கு நல்ல பெயர், கன்றுக்குக் குழி.

ஆட்டுக்கு வருவோம். வெள்ளாட்டின் கண் இமையை விலக்கிப் பார்த்தால் வெள்ளைவெளேர், தாடைக்கடியில் வீக்கம். வயிற்றில் ஹீமாங்கஸ் என்ற ரத்தக்குடிப் புழு ஆயிரம் இருந்தால், தலைக்கு 0.05 மில்லி வீதம் நாளொன்றுக்கு 50 மில்லி ரத்தம். எத்தனை புழு என்று மதிப்பிட வழி இருக்கிறது. 4 கிராம் புழுக்கையை 56 மில்லி உப்புக்கரைசலில் கலக்கி, கட்டம் போட்ட மெக்மாஸ்டர் ஸ்லைடின் இரண்டு அறையிலும் தெரியும் முட்டைகளை எண்ணி 50-ஆல் பெருக்கினால், கிராமுக்கு எத்தனை முட்டை என்று வந்துவிடும். ஆஸ்திரேலியாவில் 1939-ல் செம்மறி ஆட்டுக்காகக் கண்டுபிடித்தது. அறுவடை முடிந்து ராமநாதபுரத்துக் கீதாரிகள் நம் வயலில் கிடை போடும்போது, கிடைக்குப் பணம் பேசுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர்கள் ஆட்டின் வயிற்றில் என்ன இருக்கிறது, அது நம் வரப்புப் புல்லுக்கு எப்படிப் போகிறது என்று கேட்பது மரியாதையில்லை.

விதி 8: உப்பு

இந்தக் கையேட்டின் மகுடம் இதுதான். நன்றாகப் படியுங்கள்.

முட்டை பிடிக்கிற வித்தைகளில் எளியது உப்பு மிதப்பு. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் அள்ளினாரே, அந்த வேதாரண்யம் உப்பே போதும். கொதிக்கும் தண்ணீரில் இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை போட்டு, ஆறவைத்து வடிகட்டினால் அடர்த்தி 1.2. சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் சாம்பிளைக் கரைத்து, விளிம்புக்கு மேல் தண்ணீர் உப்பிக்கொண்டு நிற்கும்வரை சொட்டுச் சொட்டாக விட்டு, மேலே கண்ணாடிச் சில்லை நுரை புகாமல் படியவிட்டுக் கால் மணி, இருபது நிமிஷம் பொறுத்திருக்க வேண்டும். உப்புநீரைவிட லேசான முட்டைகள் ஒவ்வொன்றாக மேலேறிச் சில்லில் ஒட்டிக்கொள்ளும். நேராகத் தூக்கி ஸ்லைடில் கவிழ்த்தால் கொக்கிப்புழு முட்டை, நாக்குப்பூச்சி முட்டை, இரு முனையிலும் அடைப்பு வைத்துத் தவில் வடிவத்தில் இருக்கும் சாட்டைப்புழு முட்டை எல்லாம் ஒரே தளத்தில் வந்து நிற்கும்.

அருமையான முறை. ஆகவே இதைக் கல்லீரல் தட்டைப்புழுவுக்குப் பயன்படுத்துங்கள்.

டெல்டா மாட்டின் பெரிய எதிரி அதுதான். வாய்க்காலிலும் நடவு வயலிலும் இருக்கும் நத்தைக்குள் வளர்ந்து, வெளியே நீந்தி வந்து, வரப்புப் புல்லிலும் நெல் தாளின் அடியிலும் கூடுகட்டி ஒட்டிக்கொண்டிருக்கும். பசும்புல்லோடும் ஈர வைக்கோலோடும் மாட்டின் வயிற்றுக்குள் போகும். அதன் முட்டை பெரியது, 150 மைக்ரானுக்கு மேல் நீளம், ஒரு பக்கம் மூடி, கனமோ கனம். உப்புநீரில் மிதக்காமல் அடியில் போய் உட்கார்ந்துவிடும். நீங்கள் மேலே சில்லை வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அது கீழே காத்திருக்கும். இரு தரப்புக்கும் சேதமில்லை.

அதைப் பிடிக்க உப்பே வேண்டாம் என்பது வெளியே போகக்கூடாத ரகசியம். சாணத்தைப் பச்சைத்தண்ணீரில் கலக்கி, டீ வடிகட்டியில் வடித்து, உயரமான டம்ளரில் தெளியவைத்து, மேல் தண்ணீரைக் கொட்டி, மறுபடி ஊற்றி, மேலே தெளிவாகும்வரை இப்படியே செய்துவிட்டு, அடி வண்டலில் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டால் சாணத் துணுக்கெல்லாம் நீலமாகிவிடும். தட்டைப்புழு முட்டை மட்டும் மஞ்சளாகத் தனித்து நிற்கும். பக்கத்தில் நிறமில்லாமல் கண்ணாடியாக ஒன்று கிடந்தால் அது இரைப்பைத் தட்டைப்புழுவின் முட்டை. இதற்கு மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். எனவே யாரும் செய்யமாட்டார்கள் என்று தைரியமாக இருக்கலாம்.

தப்பித்தவறிச் செய்தாலும் இன்னொரு அரண் உண்டு. தட்டைப்புழு உள்ளே போய் முட்டை போட மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். அதுவரை கல்லீரலைக் குடைந்துகொண்டிருக்கும். சாணத்தில் ஒன்றும் வராது. "டெஸ்ட்ல ஒண்ணும் இல்லையே" என்று மாட்டுத்தரகரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

விதி 9: லேப் நடத்தும் தம்பிக்கு ஒரு வார்த்தை

உன் சிரமம் எங்களுக்குத் தெரியும் தம்பி. சர்க்கரைக்கு மெஷின் இருக்கிறது, பொத்தானை அமுக்கினால் நம்பர் துப்பும். இதற்கு உன் இரண்டு கண்ணைத் தவிர வேறு நாதியில்லை. கூலியும் அதற்கேற்றபடி இல்லை. ஆகவே சுருக்குவழி சொல்கிறோம்.

சாம்பிளை ஸ்லைடில் கெட்டியாக அப்பு. அடியில் தினசரிப் பேப்பரை வைத்தால் எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும் என்பார்கள். படிக்க முடியாவிட்டால்தான் உனக்கு நல்லது. ஒரு பக்கம் உப்புநீர், மறுபக்கம் அயோடின் என்று இரண்டு சொட்டு எதற்கு? முதலில் சின்ன லென்ஸில் ஓரத்திலிருந்து ஓரம்வரை வரிசைப்படி உழு என்பதையும் விடு. பெரிய லென்ஸை நடுவில் ஓரிடத்தில் வைத்து ஒரு பார்வை, எழுந்துவிடு.

அளவுகோல் வைக்காதே. அளக்காவிட்டால் எல்லாமே எதுவாகவும் இருக்கலாம். காற்றுக்குமிழி சிஸ்ட் ஆகும், மகரந்தம் முட்டை ஆகும், கீரையின் மயிர்த்தூவி இளம்புழு ஆகும். கைக்குழந்தைக்கு வாழைப்பழம் ஊட்டிய வீட்டிலிருந்து கருப்பு நூல் நூலாக வரும். அதைப் புழு என்று தாயார் அலறினால் நீயும் ஒத்து ஊது. சிஸ்டுக்குள் உட்கரு எத்தனை என்று எண்ணாதே. நாலுக்குள் இருந்தால் சந்தேகப்பட வேண்டிய அமீபா, எட்டு வரை போனால் சாதுவான அமீபா. ஒன்றை மட்டும் நினைவில் வை: நாலு உட்கரு உள்ளதிலேயும் நோய் தருவது ஒன்று, தராத இரட்டைப் பிறவி ஒன்று. 1925-ல் எமில் புரும்ப் என்ற ஒட்டுண்ணி ஆய்வாளர் இதைச் சொன்னபோது உலகம் ஏற்கவில்லை. 1993-ல்தான் முறைப்படி பிரித்து எழுதினார்கள். மைக்ராஸ்கோப்பில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே எதைக் கண்டாலும் "அமீபா" என்று எழுது; எதையும் காணாவிட்டால் "இல்லை" என்று எழுது. எத்தனை நிமிஷம் பார்த்தாய், எந்த முறையில் பார்த்தாய் என்று மட்டும் எழுதிவிடாதே.

விதி 10: ரிப்போர்ட் வந்த பிறகு

"இல்லை" என்று வந்தால் அதை ஃபிரேம் போடாத குறையாகப் பாதுகாத்து வையுங்கள். அடுத்த வருஷமும் காட்டலாம். ஹீமோகுளோபின் ஏழில் நின்றால் வேறு காரணம் தேடுங்கள்: கண்ணேறு, பல்லி விழுந்தது, மருமகள் வந்த நேரம். ஒரு ஜாதிக் கொக்கிப்புழு நாளுக்கு 0.03 மில்லி ரத்தம்தான் குடிக்கும். நூறு புழுவுக்கு 3 மில்லி. இதெல்லாம் ஒரு கணக்கா என்று பத்து வருஷம் விட்டுவைக்கலாம். பிழைத்தால் பாடையில் படுத்து வருவதாகப் பங்குனியில் மாரியம்மனுக்குப் பாடைக் காவடி நேர்ந்துகொள்கிற ஊர் நம்முடையது. கைவிட்ட கேஸ் எத்தனையோ ஆத்தாளுக்கு இருக்க, ஒரு டப்பாவில் முடியவேண்டிய கேஸையும் அவள் தலையில் கட்டுங்கள்.

"இருக்கிறது" என்று வந்து மருந்தும் சாப்பிட்டுவிட்டால், மறுநாளே திரும்ப டெஸ்ட் கொடுங்கள். செத்த புழுவின் முட்டை இன்னும் வெளியேறிக்கொண்டிருக்கும். "மருந்து வேலை செய்யல" என்று டாக்டரைத் திட்டலாம். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால் இந்த வாய்ப்பு போய்விடும்.

எச்சரிக்கை

கீழ்க்கண்ட காரியங்களில் இறங்குபவர்களுக்குப் புழு அகப்பட்டுவிடும் அபாயம் உண்டு. அதற்கு இந்தக் கையேடு பொறுப்பல்ல.

சுத்தமான, மூடியுள்ள டப்பாவில், தண்ணீரும் மூத்திரமும் மண்ணும் படாமல் எடுப்பது. எடுத்த நேரத்தை டப்பா மேலேயே எழுதுவது. கழிச்சலானால் கையோடு கொண்டுபோய்க் கொடுப்பது. கெட்டியானால், அதுவும் உடனே போக முடியாவிட்டால், ஃபிரிட்ஜில் தனி டப்பாவில் வைப்பது. மூன்று முறை கொடுப்பது. சாப்பிட்ட மருந்தையெல்லாம் சொல்வது. கழிச்சல் வாரக்கணக்கில் நின்றபாடில்லை, ஆளுக்கு எதிர்ப்புச் சக்தி குறைவு என்றால் அதையும் சொல்வது; ஏனெனில் கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் தனிச் சாயம் ஏற்றினால்தான் தெரியும், கேட்காமல் யாரும் ஏற்றுவதில்லை. கன்றுக்குக் கன்றின் சாணம், மாட்டுக்கு மாட்டின் சாணம். தட்டைப்புழு என்று சந்தேகமிருந்தால், "உப்புல மிதக்கவிடாதீங்க, வண்டல்ல பாருங்க சார்" என்று மாட்டு டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்பது; தீராவிட்டால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது என்பதை நினைப்பது. "இல்லை" என்று வந்த ரிப்போர்ட்டைப் பார்த்து, "எப்படித் தேடினீங்க?" என்று கூச்சமில்லாமல் ஒரு கேள்வி கேட்பது.

இத்தனையும் செய்தால் அகப்பட்டுவிடும். அகப்பட்ட பூச்சிக்கு ஏற்ற மருந்து சில நாளில் தீர்த்துவிடும். மாடு கறக்கும், ஆடு தேறும், வீட்டு அம்மாளுக்கு மூச்சு வாங்காது. அப்புறம் மருமகள் வந்த நேரத்தைப் பற்றிப் பேச வழியில்லாமல் மாமியார் என்ன செய்வார் என்பதையும் யோசித்துக்கொண்டு டப்பாவைக் கையில் எடுங்கள்.